கறிவேப்பிலைக்கு மருந்து வேண்டாம்

அன்புள்ள மாரிமுத்து,

உன் கடிதம் நேற்றுத்தான் கிடைத்தது. பேத்திக்குக் காது குத்தியதில் மகிழ்ச்சி. சம்பத் வீட்டை விற்கமாட்டான், எழுதி வைத்துக்கொள். இங்கே எல்லோரும் சுகம்.

உடனே பதில் எழுத வைத்தது உன் கடைசி வரி. கறிவேப்பிலையில் புழு விழுந்திருக்கிறது, சனிக்கிழமை மருந்து அடிக்கப்போகிறேன் என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறாய். தயவுசெய்து அடிக்காதே.

முதலில் அந்தப் புழுவைப் பார். சிறிசாக இருக்கும்போது காக்கை எச்சம் போல இலைமேல் ஒட்டிக்கிடக்கும். வளர்ந்தால் பச்சை. மெல்லத் தொட்டுப் பார். தலைக்குப் பின்னாலிருந்து சிவப்பாக இரண்டு கொம்பு நீட்டி ஒரு வாடை விட்டால், பெரும்பாலும் அது கறிவேப்பிலை அழகி என்ற வண்ணத்துப்பூச்சியின் புழு. மரத்தைப் பற்றிக் கவலைப்படாதே, அது தின்னத் தின்னத் துளிர்க்கும்.

ஆண் வண்ணத்துப்பூச்சி கறுப்பு. பின்னிறக்கையில் வெண்புள்ளிகள் வரிசையாக ஓடும். பெண்களில்தான் வேடிக்கை. சில ஆணைப் போலவே இருக்கும். சில அச்சு அசலாக ரோஜா அழகி என்ற வேறொரு வண்ணத்துப்பூச்சி போலவே! ரோஜா அழகியின் புழு ஆடுதீண்டாப்பாளைச் செடியைத் தின்று வளர்வதால் உடம்பில் நஞ்சு ஏறிவிடுகிறது, பறவைகள் அதை விட்டுவிடும். நஞ்சே இல்லாத இவளும் அந்த வேடத்தில் தப்பித்துக்கொள்கிறாள். இறக்கையைப் பார்த்தால் ஏமாந்துபோவாய். உடம்பைப் பார்: ரோஜா அழகிக்குச் சிவப்பு, இவளுக்குக் கறுப்பு. இட்லிப்பூவில் தேன் குடிக்கும்போதும் இறக்கை படபடத்துக்கொண்டேதான் இருக்கும். அதற்கு நடுவே அந்தக் கறுப்பு கண்ணில் பட்டுவிட்டால், அன்று முழுக்க எனக்குச் சாப்பாடு வேண்டாம்.

இன்னொன்று. நீ அடிக்கிற மருந்து கறிவேப்பிலையோடு நிற்காது. பக்கத்தில் கத்தரி போட்டிருக்கிறாய். கத்தரிப்பூவின் மகரந்தப்பை ஒரு மூடிய குழாய், நுனியில் மட்டும் துளை. நீலப்பட்டைத் தேனீ அதைக் கட்டிப்பிடித்து உடம்பை அதிரவைக்கும். 'ங்ங்' என்று ஒலி கேட்கும், மகரந்தம் கொட்டும். பெட்டியில் வளர்க்கும் அடுக்குத் தேனீக்கு இந்த வித்தை வராது. நீலப்பட்டைத் தேனீக்கு வயிற்றில் நீலக்கோடுகள் மின்னும், உனக்கு உடனே தெரிந்துவிடும். இதற்குத் தேன்கூடு கிடையாது. பெண் தனியாக மண்ணில் வளை தோண்டி முட்டையிடும். ஆண்கள் அந்தி சாய்ந்ததும் காய்ந்த குச்சியைத் தாடையால் கவ்விக்கொண்டு, வரிசையாகத் தூங்கும். உன் வேலியோரம் தேடு. நம் தங்கராசு வாத்தியார் இருந்திருந்தால் உன்னை அங்கேயே முட்டிபோட வைத்துப் பார்க்கச் சொல்லியிருப்பார்.

சனிக்கிழமை பேத்தியை மரத்தடிக்குக் கூட்டிப்போ. பெரிய புழுவாக ஒன்றைக் கிளையோடு எடுத்து, வலை மூடிய டப்பாவில் விட்டு, தினமும் புது இலை போடச் சொல். கூட்டுப்புழுவானபின் ஒன்றிரண்டு வாரத்தில் வெளியே வரும். பெண்ணாக இருந்தால் எந்த வேடத்தில் வந்தாள் என்று எனக்கு எழுது. தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
சுந்தரம்