எச்சரிக்கைகளைச் சலித்துக் கொடுங்கள்: எங்கள் மருத்துவமனை நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய நிர்வாக இயக்குநர் அவர்களுக்கும், மருத்துவக் கண்காணிப்பாளர் அவர்களுக்கும், மென்பொருள் பிரிவினருக்கும் வணக்கம்.

எல்லா வார்டு நோட்டீஸ் போர்டிலும் ஒட்டியிருக்கும் சுற்றறிக்கையைப் படித்தோம். கணினித் திரையில் வரும் மருந்து எச்சரிக்கையைக் கடந்து ஊசி போட்டால் சம்பந்தப்பட்ட செவிலியரே பொறுப்பு, எழுத்துமூலம் விளக்கம் தர வேண்டும் என்கிறது அது. எந்தச் சம்பவத்தை ஒட்டி இது வந்தது என்று உங்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். அந்தச் சம்பவத்தில் திரையில் எச்சரிக்கை எதுவும் வரவே இல்லை என்பதும் உங்களுக்குத் தெரியும். தெரிந்தும் சுற்றறிக்கை இப்படி எழுதப்பட்டதால்தான் இந்த மடல்.

நிமோனியாவோடு அட்மிட் ஆன பெரியவருக்குப் பைப்பராசிலின்-டாசோபாக்டம் என்ற ஆன்டிபயாடிக் ஊசி எழுதியிருந்தார்கள். ஒவ்வாமைக் கட்டத்தில் பச்சை எழுத்தில் ‘இல்லை’ என்று இருந்தது. பார்கோடு ஸ்கேன் செய்ததும் நோயாளி சரி, மருந்து சரி, நேரம் சரி என்று வரிசையாக டிக் விழுந்தது. மருந்தைக் கரைத்துக்கொண்டே எங்கள் சிஸ்டர், வழக்கம்போல, கூட இருந்த அவர் மனைவியிடம் வாய்விட்டுக் கேட்டார். “போன வருசம் பல்லு புடுங்கினப்ப ஒரு மாத்திரை குடுத்தாங்க சிஸ்டர். ஒதடெல்லாம் வீங்கி மூச்சே விட முடியல. இங்க சீட்டு போடற எடத்துல சொன்னேனே!” என்றார் அந்த அம்மா.

அவர் சொல்லித்தான் இருந்தார். பதிவு கவுன்டரில் ‘குறிப்பு’ என்ற கட்டத்தில் ‘அமாக்சிசிலின் ஒத்துக்காது’ என்று தட்டச்சு செய்யப்பட்டிருந்தது. அமாக்சிசிலினும் பைப்பராசிலினும் ஒரே பென்சிலின் குடும்பம். ஆனால் குறிப்புக் கட்டத்தில் கிடக்கும் வாக்கியத்தை நம் மென்பொருள் படிக்காது. மருந்துப் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுத்துக் குறியீடாகப் பதிந்தால்தான் ஒப்பிட்டுப் பார்க்கும். அதைவிட மோசம், யாரும் எதுவும் பதியாமல் விட்டால் அந்தக் கட்டம் ‘இன்னும் கேட்கவில்லை’ என்று காட்டாமல் ‘இல்லை’ என்று காட்டுகிறது. கேட்காததையும் இல்லாததையும் ஒன்றாகக் காட்டும் திரையை நம்பித்தான் ராத்திரி இரண்டு மணிக்கு ஊசி போடுகிறோம்.

அந்தப் பெரியவர் நல்லபடியாக வீடு திரும்பினார். காப்பாற்றியது ஒரு செவிலியர் கேட்ட கேள்வி. அதற்கு அடுத்து வந்ததுதான் உங்கள் சுற்றறிக்கை.

வர வேண்டிய எச்சரிக்கை வராத இதே திரையில், வர வேண்டாதவை எத்தனை வருகின்றன என்று வார்டில் ஒரு ஷிஃப்ட் உட்கார்ந்து பாருங்கள். இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்தவருக்கு, ரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் சேர்த்தே கொடுக்க வேண்டும், அதுதான் சிகிச்சை. ஒவ்வொரு முறையும் ‘ரத்தக்கசிவு அபாயம்’ என்று சிவப்புப் பெட்டி குதிக்கிறது. இரண்டாவது சலைன் பாட்டில் எழுதினால் ‘இதே மருந்து ஏற்கெனவே உள்ளது’ என்று இன்னொன்று. உயிருக்கு ஆபத்தானதும் சலைன் பாட்டிலும் ஒரே சிவப்பு, ஒரே சத்தம். கடந்து போக ஏதாவது காரணம் தட்டச்சு செய்தாக வேண்டும் என்பதால், பதிவேட்டைத் திறந்தால் காரணம் என்ற இடத்தில் வெறும் புள்ளிகள். டாக்டர் வைத்த புள்ளி, மருந்தகம் வைத்த புள்ளி, நாங்கள் வைத்த புள்ளி. சோம்பலில் வைத்தவை அல்ல அவை. அடுத்த கட்டிலில் டிரிப் முடிந்து ரத்தம் குழாயில் பின்னேறிக்கொண்டிருக்கும்போது வைத்தவை.

இது நம் மருத்துவமனைக்கு மட்டும் வந்த நோயும் இல்லை. மருந்துப் பாதுகாப்பு எச்சரிக்கைகளில் 49 முதல் 96 சதவீதம் வரை கடந்து செல்லப்படுகின்றன என்று 2006-லேயே ஓர் ஆய்வுத் தொகுப்பு சொல்லிவிட்டது. 2013-ல் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் 16 வயதுப் பையனுக்கு ஒரே ஒரு மாத்திரைக்குப் பதிலாக 38½ மாத்திரைகள் தரப்பட்டன. அளவை மில்லிகிராமில் கேட்கிறதா, உடல் எடைக்கு இத்தனை என்று கேட்கிறதா என்று திரையில் ஏற்பட்ட குழப்பம். மருத்துவருக்கு எச்சரிக்கை வந்தது, கடந்தார். மருந்தாளுநருக்கும் வந்தது, அவரும் கடந்தார். இயந்திரம் எண்ணிப் பொட்டலம் கட்டியது. கடைசியில் கட்டிலருகே நின்ற செவிலியருக்குச் சந்தேகம் வந்தது. பார்கோடோ ‘சரி’ என்றது, கொடுத்துவிட்டார். பையனுக்கு வலிப்பு வந்தது, ஆனாலும் பிழைத்தான். அந்தச் சங்கிலியில் கடைசிக் கண்ணியை மட்டும் பிடித்து விளக்கக் கடிதம் வாங்கியிருந்தால் அங்கே எது சரியாகியிருக்கும்?

எங்கள் கோரிக்கை ஒன்றுதான். எச்சரிக்கைகளைச் சலித்துக் கொடுங்கள். சலிக்கும் இடத்தில் எங்களையும் உட்கார வையுங்கள்.

இப்போது செப்சிஸை, அதாவது கிருமித்தொற்று முற்றி உறுப்புகளையே பாதிக்கும் நிலையை, செயற்கை நுண்ணறிவால் முன்கணிக்கும் வசதி வாங்கப்போவதாகச் சொல்கிறார்கள். வரட்டும், நல்லதுதான். செப்சிஸில் ஒவ்வொரு மணி நேரமும் எவ்வளவு முக்கியம் என்று எங்களைவிட யாருக்குத் தெரியும்? ஆனால் அமெரிக்காவில் பல மருத்துவமனைகள் பயன்படுத்திய அப்படியொரு கருவியை மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவமனையில் சோதித்து 2021-ல் வெளியிட்ட முடிவைப் படித்துவிட்டு வாங்குங்கள். செப்சிஸ் வந்தவர்களில் 67 சதவீதம் பேரை அது கோட்டைவிட்டது. அதே நேரம், அட்மிட் ஆனவர்களில் 18 சதவீதம் பேருக்கு எச்சரிக்கை அடித்தது. இருக்கும் சிவப்புப் பெட்டிகளோடு இதுவும் சேர்ந்தால் எங்கள் காது மரத்தேபோகும்.

வாங்குவதற்குக் காசு இருக்கிறது. தள்ளுவண்டிக் கணினியின் பேட்டரியை மாற்றத்தான் மாதக்கணக்காகக் காசு இல்லை. பாதி ரவுண்ட்ஸில் அணைந்துபோகிறது. கேஸ் ஷீட்டில் எழுதி, பிறகு அதையே திரும்பக் கணினியில் ஏற்றுகிறோம். தணிக்கைக்கு ஆள் வந்தால் ‘காகிதமில்லா மருத்துவமனை’ என்று பலகை வைக்கிறீர்கள். ஷிஃப்ட் முடிந்து சம்பளமில்லாத நேரத்தில் அந்தப் பலகையை உண்மையாக்குவது நாங்கள்.

மன்னிக்கவும், கேட்க வந்ததற்கே வருகிறேன். ஒவ்வாமையைப் பட்டியலிலிருந்து மட்டுமே பதியும்படி மாற்றுங்கள். ‘கேட்கவில்லை’ என்பது தனியாகத் தெரியட்டும். அதை நிரப்பாமல் முதல் டோஸுக்கு வழி திறக்கக் கூடாது, அவசர சிகிச்சை தவிர. இதற்கான ஸ்னோமெட் (மருத்துவச் சொற்களுக்கான சர்வதேசக் குறியீட்டுத் தொகுப்பு) குறியீடுகளுக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. 2014 முதல் இந்தியா அதில் உறுப்பு நாடு, உரிமக் கட்டணம் கிடையாது. 2016-ல் மத்திய அரசு வெளியிட்ட மின்னணு மருத்துவப் பதிவுத் தரநிலைகளும் அதையே பரிந்துரைக்கின்றன. அடுத்து, எந்த எச்சரிக்கை எத்தனை முறை வந்தது, எத்தனை முறை கடக்கப்பட்டது என்ற கணக்கு மென்பொருள் பிரிவிடம் இருக்கிறது. அதை மாதம் ஒருமுறை எடுத்து, மருத்துவர், மருந்தாளுநர், வார்டு செவிலியர் மூவரும் உட்கார்ந்து பாருங்கள். எல்லோரும் கடந்துபோகும் எச்சரிக்கையை நிறுத்துங்கள். உண்மையிலேயே தடுக்க வேண்டியவற்றை யாராலும் புள்ளி வைத்துக் கடக்க முடியாதபடி பூட்டுங்கள்.

அதுவரை அந்தச் சுற்றறிக்கையைத் திரும்பப் பெறும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறோம். மருந்தை எழுதவோ ரத்து செய்யவோ எங்களுக்கு அதிகாரம் இல்லை. டியூட்டி டாக்டரைக் கூப்பிடத்தான் முடியும். அதிகாரம் ஓரிடத்திலும் பொறுப்பு வேறிடத்திலும் இருந்தால், சந்தேகம் வந்தாலும் வாய் திறக்கப் பயப்படும் செவிலியர்கள்தான் மிஞ்சுவார்கள். வாய் திறந்து கேட்டதால்தான் அன்று அந்தப் பெரியவர் பிழைத்தார்.

அடுத்த மருந்துக் குழுக் கூட்டத்துக்கு எங்களில் இருவரை அழையுங்கள். இரவுப் பணி முடித்து நேராக வரவும் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
ஆண்கள் பொது மருத்துவ வார்டுச் செவிலியர்கள் சார்பில் ஒரு சீனியர் சிஸ்டர்