சவுத் பிரிட்ஜ் ரோட்டிலிருந்து தக்கலைக்கு

சிங்கப்பூர்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். வெயிலும் மழையும் நம்மூர் மாதிரி ஒரே நாளில் வந்துபோகும். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்து நம் வட்டாரத்துக் கோயில், பள்ளிவாசல், தேவாலயங்களை வீடியோ எடுக்கப் போவதாக எழுதியிருந்தாய். நல்ல காரியம் மக்களே.

இங்கே சவுத் பிரிட்ஜ் ரோட்டில் 1827-இல் எழுந்த மாரியம்மன் கோயில் இருக்கிறது. சில அடி தள்ளி, சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்கள் 1826-இல் தொடங்கிய சூலியா பள்ளிவாசல். அங்கே நின்று ஒற்றுமையைப் பற்றிப் பேசினால் பிள்ளைகளுக்குக் கொட்டாவிதான் வரும். யார் கட்டினார்கள், பணம் யார் தந்தார்கள், அக்கம்பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று கேட்டால் தேடத் தொடங்குவார்கள். தேசிய நூலகம் பழைய செய்தித்தாள்களை இணையத்தில் ஏற்றி வைத்திருப்பது பெரிய உதவி.

1964 ஜூலை 21-இல் நபிகள் பிறந்தநாள் ஊர்வலத்தின்போது இங்கே கலவரம் மூண்டது. 1997 முதல் அந்தத் தேதிதான் பள்ளிகளில் இன நல்லிணக்க நாள். பாரம்பரிய உடை உடுத்திப் படம் எடுப்பதோடு முடித்தால், தேதி ஏன் வந்தது என்றே பிள்ளைகளுக்குத் தெரியாது. நீயும் நம் மாவட்டத்தில் 1982-இல் நடந்த மண்டைக்காட்டு மதக் கலவரத்தை மறைக்காதே. வீட்டில் ஒரு பக்கத்துக் கதையை ஏற்கெனவே கேட்டிருப்பார்கள். ஆனால் அதை வீடியோவாக்க வேண்டாம். அன்றைய பத்திரிகைகள் இரண்டு மூன்றை அருகருகே வைத்து வகுப்பிலேயே படியுங்கள்.

வீடியோவுக்குக் குழுவுக்கு நாலு பேர்: ஒருவர் கேமரா, ஒருவர் பேச்சு, ஒருவர் குறிப்பு, ஒருவர் அனுமதி. இரண்டு நிமிடத்துக்கு 200 சொல் போதும். இயர்போன் மைக்கை வாய்க்கருகே பிடிக்காவிட்டால் காற்றுச் சத்தம் பேச்சை விழுங்கிவிடும். தொழுபவர், கும்பிடுபவர் முகம் வேண்டாம்.

முக்கியமானது குறிப்பேடு. நோட்டில் நடுவே கோடு போட்டு, இடப்பக்கம் கல்லும் காகிதமும் சொல்வது, வலப்பக்கம் மக்கள் நம்புவது. உதயகிரிக் கோட்டையில் திருவிதாங்கூர்ப் படைத்தளபதி டிலனாயின் கல்லறையில் லத்தீனும் தமிழும் இருக்கின்றன; அது இடப்பக்கம். திருவிதாங்கோட்டுத் தேவாலயத்தைத் தோமா அப்போஸ்தலர் கி.பி. 63-இல் நிறுவினார் என்பது வலப்பக்கம். சிதறால் மலையில் சமணச் சிற்பமும் பகவதியும் ஒரே பாறையில் இருப்பதை நேரே காட்டலாம். நம்பிக்கையை ஆதாரம் போலச் சொன்னால் யாராவது மறுப்பார்; பிறகு பேச்சு சண்டையாகிவிடும். "என்று நம்புகிறார்கள்" என்ற இரண்டு சொல் போதும், யார் மனமும் நோகாது.

வாட்ஸ்அப்பில் வரும் படங்களையும் இப்படியே பார்க்கப் பழக்கு. இரட்டை அம்புக்குறி இருந்தால் பல கை மாறி வந்தது. கூகுள் லென்ஸில் போட்டால் அதே படம் முன்பு எங்கே வந்தது என்று பெரும்பாலும் தெரிந்துவிடும்.

வீடியோக்களை முதலில் யூடியூபில், இணைப்பு வைத்திருப்பவர் மட்டும் பார்க்கும் பட்டியலிடாத (unlisted) வீடியோவாக ஏற்று, கருத்துப் பகுதியை மூடி வை. பீர்முகமது அப்பா தர்காவில் அவர் இயற்றிய ஞானப்புகழ்ச்சிப் பாடல்களைப் பாடும் இரவைப் பதிவு செய்ய, முன்கூட்டியே ஜமாஅத்தில் கேட்டுவிடு. அம்மாவிடம் நான் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
அக்கா