தொழிற்சங்கத் தலைவர்மாரே, சில்ஹெட் தோட்டத்து சனத்தையும் கொஞ்சம் பாருங்க

மதிப்புக்குரிய இலங்கை மலையகத் தொழிற்சங்கத் தலைவர்மாருக்கு,

ஹட்டன் பக்கத்துல கொழுந்தெடுக்கிற ஒரு அம்மாவோட மகள் எழுதுறேன். சம்பளப் பேச்சுன்னு வந்தா கொழும்பப் பாக்குறீங்க, இல்லாட்டி டெல்லியப் பாக்குறீங்க. வங்காளதேசத்தோட வடகிழக்கு எல்லையில நம்மள மாதிரியே லயத்துல, தோட்டத்து வரிசை வீட்டுல கெடக்கிற சனத்தப் பத்தி எந்தக் கூட்டத்துலயும் ஒருத்தரும் பேசி நான் கேட்டதில்ல.

சில்ஹெட், மௌலவிபஜார், ஹபிகஞ்ச் பக்கம். வடக்க மேகாலயா, கிழக்க அசாம், தெக்க திரிபுரா, மூணு பக்கமும் இந்தியா தான். நம்ம நுவரெலியா மாதிரி ஒசந்த மலை கெடையாது, சின்னச் சின்னக் குன்று, அதுல தேயிலை, பள்ளத்துல மழைக்காலம் வந்தா கடல் மாதிரி தண்ணி பரவி நிக்கிற ஹாவோர் நிலம். 1854ல மால்னிசெராவுல தோட்டம் தொடங்குச்சு, வேலைக்கு ஒடிசா, பீகார், சோட்டா நாக்பூர் பக்கமிருந்து சந்தால், முண்டா, ஒராவ் பழங்குடி ஆளுங்கள கொண்டுவந்தாங்க, தெலுங்கு பேசுறவங்களும் இருக்காங்க.

1921ல, அப்ப சில்ஹெட்டோட சேந்திருந்த சர்கோலா தோட்டங்கள்ல கூலி பத்தாம, ஊருக்கே போயிருவோம்னு புள்ளகுட்டியோட ஆயிரக்கணக்கான பேர் நடந்தாங்க. மே மாசம் 20ஆம் தேதி ராத்திரி சாந்த்பூர் ரயில் ஸ்டேசன்ல கூர்க்கா சிப்பாய்ங்கள விட்டு அடிச்சாங்க, சனம் செத்துச்சு. அப்புறம் 1947ல சில்ஹெட் இந்தியாவோடயா பாகிஸ்தானோடயான்னு ஓட்டு வச்சப்ப, நீங்க நிரந்தரமா இருக்கிற ஆளுங்க இல்லன்னு தோட்டத்து சனத்துக்கு ஓட்டு குடுக்கல. அடுத்த வருசம் 1948ல நம்ம குடியுரிமைய பறிச்சாங்க. நம்மளுக்கும் அதே காரணத்தத் தான் சொன்னாங்க தலைவரே, பிறந்து வளந்த மண்ணுல வந்துபோறவங்கன்னு.

அவங்க பகல் சாப்பாட்ட பாருங்க, பச்சக் கொழுந்த கையாலயே கசக்கி, வெங்காயம், பச்சமிளகா, உப்பு, அவிச்ச உருளக்கிழங்கு, பொரி எல்லாம் போட்டுப் பெசஞ்சு மலையிலயே உக்காந்து சாப்புடுறாங்க. எங்க அம்மா ரொட்டியும் சம்பலும் கட்டிட்டுப் போவாங்க, அவங்களுக்கு கொழுந்தே கறி.

நான் உங்களுக்கு முக்கியமா சொல்ல வந்தது 2022 ஆகஸ்ட். ஒரு நாள் சம்பளம் 120 டாக்கா (அது அவங்க நாட்டுக் காசு), 300 வேணும்னு வேல நிறுத்தம் செஞ்சாங்க. நடுவுல சங்கத் தலைவருங்க 145க்கு ஒத்துக்கிட்டு வந்தப்ப, தொழிலாளிங்க, அதுலயும் பொம்பளைங்க, முடியாதுன்னு ரோட்டுலயே நின்னாங்க. கடைசியா பிரதமரே தலையிட்டு 170 ஆக்குனாங்க. அதுவும் கேட்டதுல பாதிக்கு கொஞ்சம் தான் கூட, ஆனா அந்த 25 டாக்கா கூடுனது தலைவருங்களால இல்ல, ரோட்டுல நின்னவங்களால. இங்க நாம ஆயிரம் ரூபாய்க்கு 2021 வரைக்கும் காத்திருந்தோம், பேச்சுவார்த்தைக்கு எந்த அறையில யார் உக்காந்தாங்கன்னு எங்க அம்மாவுக்கு காலையில வேலைக்குப் பேர் குடுக்கிற பெரட்டுக்களத்துல கூட ஒருத்தரும் சொல்லல. அரைப்பேர் விழுந்து பாதிச் சம்பளம் தான்னு ஆன அன்னைக்கு வீட்டுல அவங்க பேசாம இருக்கிறத நான் பாத்திருக்கேன்.

அதனால கேக்குறேன். அடுத்த தடவ வெளிநாட்டுப் பயணம்னா டெல்லிக்குப் போறதுக்குப் பதிலா, மௌலவிபஜார் பக்கம் தேயிலைத் தோட்டம் நெறைஞ்ச ஸ்ரீமங்கல் ஊருக்குப் போங்க. நீங்க மட்டும் போகாம கொழுந்தெடுக்கிற பொம்பளைங்க பத்துப் பேர கூட்டிட்டுப் போங்க, அந்த அம்மாக்களோட உக்காந்து கூலி, கிலோ கணக்கு, வீட்டுக் காணி எல்லாத்தையும் நேருக்கு நேர் பேசட்டும், பேச்சு தெரியாட்டி ஒரு மொழிபெயர்ப்பாளர் போதும். மே 20ஆம் தேதி அவங்க சாந்த்பூர்ல செத்தவங்கள நெனைக்கிறாங்க, அன்னைக்கு நம்ம தோட்டங்கள்லயும் ஒரு விளக்கு ஏத்தச் சொல்லுங்க. அதோட, அடுத்த சம்பளப் பேச்சுல கையெழுத்து வைக்கிறதுக்கு முன்னாடி பெரட்டுக்களத்துக்கு வந்து தொகைய சொல்லிட்டு, சனம் சரின்னு சொன்னா மட்டும் வைங்க.