டிரைவர் எந்த ஊர்க்காரன்?

அன்பு மகன் செந்திலுக்கு அப்பா எழுதுவது. இங்கே நான், அம்மா, கவிதா, பாப்பா எல்லோரும் நலம். உன் நலம் அறிய ஆவல்.

பெரிய அத்தை பேரன் திங்கட்கிழமை திருச்சியில் சிங்கப்பூர் பிளைட் ஏறுகிறான். நார்த்தங்காய் ஊறுகாயும் பருப்புப் பொடியும் அவன் கையில் கொடுத்து விடுகிறோம். அந்தப் பையின் அடியில் இந்தக் கவர் இருக்கும். போனில் பேசலாம்தான். ஆனால் நீ கூப்பிட்டவுடன் அம்மா ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாள், பாப்பா போனைப் பிடுங்கிக்கொள்கிறாள். என் முறை வரும்போது "மாத்திரை போடுறீங்களாப்பா", "போடுறேன்பா" என்பதோடு முடிந்துவிடுகிறது. காரையூர் நில விஷயம் நல்லபடியாக முடிந்தது, பத்திரம் பதிந்தாயிற்று. மற்றதைக் கவிதா சொல்லியிருப்பாள்.

முன்பெல்லாம் நீ இங்கே நாலு மணிக்குக் கூப்பிடுவாய். அங்கே ஆறரை. பஸ்ஸில் முதல் டிரிப் எடுத்த பழக்கத்தில் எனக்கு அந்நேரம் விழிப்பு வந்துவிடும் என்று உனக்குத் தெரியும். டாம் என்கிற உங்கள் தங்குமிடத்து வாசலில் லாரி நிற்கும், பையன்கள் பின்னால் ஏறுகிற சத்தமும், சாப்பாட்டு டப்பா கம்பியில் இடிக்கிற சத்தமும் கேட்கும். "எல்லாரும் ஏறியாச்சுப்பா, வைக்கிறேன்" என்பாய். அந்த ஒரு நிமிஷப் பேச்சு எனக்குப் போதுமானதாக இருந்தது. கொஞ்ச நாளாக நீ பகல் பதினொரு மணிக்குக் கூப்பிடுகிறாய். பின்னால் ஃபேன் ஓடும் சத்தம் மட்டும் கேட்கிறது. வீடியோவில் வா என்றால் நெட் சரியில்லை என்கிறாய். லீவு என்கிறாய். சரி, லீவு.

உன் மச்சான் ஒரு வீடியோ அனுப்பினார். முன்னால் போகிற ஏதோ காரின் கேமராவில் பதிந்தது. சிங்கப்பூரில் மழை பெய்கிறது, ஒரு லாரி திரும்புகிறது, ஒரு பெரியவர் குடையோடு ரோட்டைக் கடக்கிறார். அதற்கு மேல் நான் பார்க்கவில்லை. டிரைவர் தமிழ்நாட்டு ஆள் என்று மச்சான் சொன்னார். எந்தக் கம்பெனி, எந்த ஊர் என்று அவருக்குத் தெரியவில்லை. நானும் தோண்டவில்லை. லாரியின் நம்பர் தெரியவில்லை, கதவு நீலம். உன் லாரியும் நீலம்தான். அங்கே நீல லாரி எத்தனையோ ஓடும்.

தூக்கம் வந்தால் வண்டியை எடுக்காதே. இதை நான் ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறேன் என்பாய். இன்னும் சொல்வேன். நான் ஓட்டியது ஒரு வேலை. வண்டியில் ஏறினால் ஸ்டீயரிங், இறங்கினால் ரெஸ்ட் ரூம். நீ பகலெல்லாம் வெயிலில் கம்பி கட்டிவிட்டு, மற்றவர்கள் பின்னால் கண்ணயரும்போது அவர்களை வைத்துக்கொண்டு ஓட்டுகிறாய். 2021 ஏப்ரலில் அங்கே பி.ஐ.இ. எக்ஸ்பிரஸ் ரோட்டில் ஆட்களை ஏற்றிப் போன லாரி, நின்றுகொண்டிருந்த டிப்பரில் மோதியதில் இரண்டு பேர் இறந்தார்கள். ஒருவர் நம் நாட்டுக்காரர், ஒருவர் வங்கதேசத்துக்காரர். 2023 ஜனவரியிலிருந்து, ஆறு மணி நேரம் வேலை பார்த்தவன் ஆட்களை ஏற்றி ஓட்டுவதற்கு முன் அரை மணி நேரம் ஓய்வு கொடுக்க வேண்டும், டிரைவர் கண்ணயராமல் பார்த்துக்கொள்ளக் கூட ஒருவரை வைக்க வேண்டும் என்று விதியே வந்துவிட்டது. நீதான் இதை எனக்குச் சொன்னாய். அந்த அரை மணி உனக்குக் கிடைக்கிறதா என்று கேட்டேன், சிரித்தாய். சிரித்ததை நான் மறக்கவில்லை. சூப்பர்வைசர் கிளம்பு கிளம்பு என்று நின்றாலும் அந்த அரை மணியை விட்டுக்கொடுக்காதே. ஏதாவது நடந்துவிட்டால் அவர் பெயர் பேப்பரில் வராது.

நீ அங்கே லைசென்ஸ் எடுத்தபோது நான் தெருவுக்கே சாக்லேட் கொடுத்தேன். அந்த ஊரில் லைசென்ஸ் எடுப்பது லேசில்லை என்று போய் வந்த எல்லோரும் சொல்வார்கள். டிரைவர் மகன் டிரைவர் என்று சிலர் இளக்காரமாகச் சொன்னார்கள். எனக்கு அது பெருமையாகத்தான் இருந்தது.

ஆதனக்கோட்டை விஷயம் உனக்குப் பாதிதான் தெரியும், அப்போது நீ சின்னப் பையன். தஞ்சாவூர் போகிற டிரிப். முந்திரிக்கொட்டை வறுக்கிற குடிசைகளைத் தாண்டும்போது, இடது பக்கத்து மண் ரோட்டிலிருந்து புல்லுக்கட்டோடு ஒருவர் டி.வி.எஸ். 50-இல் நேராக ஏறிவிட்டார். புல்லுக்கட்டு மறைத்ததில் அவருக்கு பஸ் தெரியவில்லை. நான் பிரேக்கில் நின்றே விட்டேன். பஸ் நின்ற இடத்துக்கும் அவர் விழுந்த இடத்துக்கும் நடுவே புல் சிதறிக் கிடந்தது. நான் இறங்கி அவர் தலையைத் தூக்கிப் பிடித்திருந்தேன். அதற்குள் கூட்டம் வந்துவிட்டது. வந்தவர்கள் அடிபட்டவரைப் பார்க்கவில்லை. "டிரைவர் எவன்டா" என்றார்கள். நான்தான் என்றதும் "எந்த ஊருடா நீ" என்றார்கள். ஆலங்குடிப் பக்கம் என்றேன். "வெளியூர்க்காரனுக்கு எங்க ஊரு ரோட்டுல என்னடா இவ்வளவு வேகம்" என்று முதல் அடி விழுந்தது. ஆலங்குடி என்ன சீமையிலா இருக்கிறது, அதே மாவட்டம்தான். முந்திரி வறுக்கிற அம்மா ஒருவர் என்னைத் தன் குடிசைக்குள் இழுத்துப் போட்டுக் கதவுப் படலைச் சாத்தியிருக்காவிட்டால் இந்தக் கடிதம் எழுத ஆள் இல்லை. டி.வி.எஸ். ஓட்டி வந்தவர் மறுநாள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். கவனக்குறைவாக ஓட்டி உயிர் போகக் காரணமானதாக 304-ஏ பிரிவில் கேஸ் போட்டார்கள், சஸ்பென்ஷனில் உட்கார்ந்தேன். பஸ்ஸில் வந்த ஒரு வாத்தியார் கோர்ட்டுக்கு வந்து கண்டதைக் கண்டபடி சொன்னார். விடுதலையானேன்.

அந்தப் பிரிவு இப்போது புதுச் சட்டத்தில் 106 ஆகிவிட்டது, 2024 ஜூலையிலிருந்து. இரண்டு வருஷம் வரை என்று இருந்த தண்டனை ஐந்து வருஷம் வரை போகலாம். தகவல் சொல்லாமல் ஓடிப்போனால் பத்து வருஷம் என்று இன்னொரு பிரிவும் எழுதினார்கள். வடக்கே லாரிக்காரர்கள் 2024 ஜனவரியில் வண்டியை நிறுத்திய பிறகு அதை மட்டும் நிறுத்தி வைத்தார்கள். ஓடுகிற டிரைவரில் பாதிப் பேர் கேஸுக்குப் பயந்து ஓடவில்லை, அடிக்குப் பயந்து ஓடுகிறார்கள். அது எனக்குத் தெரியும்.

அங்கே அந்தப் பயம் வேண்டாம். யாரும் உன் மேல் கை வைக்க மாட்டார்கள். அதனால் எது நடந்தாலும் நில். ஆம்புலன்ஸுக்கு 995-க்குப் போன் பண்ணு. அடிபட்டவர் பக்கத்திலேயே இரு.

போன மாதம் நம் பைபாஸில் ஒரு டிப்பரும் பைக்கும் மோதிக்கொண்டன. பைக் ஓட்டியவன் தப்புப் பாதையில் வந்தவன், நம்ம ஊர்ப் பையன்தான். டிப்பர் ஓட்டியது ஒடிசாக்காரப் பையன். கூட இருந்த கிளீனருக்கும் நெற்றி கிழிந்து ரத்தம். நான் போவதற்குள் "வடக்கன் இடிச்சிட்டான்" என்று ஒரே சத்தம். டிரைவர் வண்டியை விட்டு இறங்காமல் கதவைப் பிடித்துக்கொண்டு நடுங்குகிறான். அவனுக்கு "நிறுத்து", "தண்ணி", "சம்பளம்" இந்த மூன்றைத் தவிரத் தமிழ் தெரியவில்லை. நான் கதவுக்குக் கீழே போய் நின்றுகொண்டேன். 108 வரும்வரை நகரவில்லை. பைக் ஓட்டிய பையனையும் கிளீனரையும் ஒரே வண்டியில் ஏற்றிப் போனார்கள். முதல் 48 மணி நேரத்துக்கு இலவச சிகிச்சை தருகிறார்களே, அந்த 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் இரண்டு பேருக்கும் பார்த்தார்கள். வேறு மாநிலத்துக்காரனா, வேறு நாட்டுக்காரனா என்ற பேதமே அதில் கிடையாது. 2021-இல் அதைக் கொண்டுவந்தவர்களுக்குப் புண்ணியம். ரோட்டில் நின்ற நம் ஆட்களுக்குத்தான் அந்த மனசு வரவில்லை. அதில் பாதிப் பேரின் பிள்ளைகள் சிங்கப்பூரிலும் துபாயிலும் இருக்கிறார்கள்.

இதை எழுதும்போது 2013 ஞாபகம் வருகிறது. டிசம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை ராத்திரி, லிட்டில் இந்தியா. பஸ்ஸுக்கு அடியில் விழுந்து இறந்தவர் நம் புதுக்கோட்டை மாவட்டத்துக்காரர். வேலைக்காரர்களை டாமுக்கு ஏற்றிப் போகிற பஸ். இடமில்லை என்று இறக்கிவிட்டார்கள், கூடவே நடந்தவர் தடுமாறிச் சக்கரத்தில் விழுந்தார். நம் ஆட்கள் டிரைவரையும், இறங்கச் சொன்ன அந்த அம்மாவையும் அடிக்கப் பாய்ந்தார்கள். ஆம்புலன்ஸையும் போலீஸ் காரையும் கொளுத்தினார்கள். விசாரணைக் கமிஷன் வைத்துப் பார்த்தபோது, நடந்ததைக் கூட்டம் தப்பாகப் புரிந்துகொண்டதும் ஒரு காரணம் என்று வந்தது. டிரைவர் மேல் தப்பில்லை என்று விட்டுவிட்டார்கள். இறந்த பிள்ளையை நினைத்தும் அழுதேன், அந்த சீன டிரைவரை நினைத்தும் எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆதனக்கோட்டையில் நான் உட்கார்ந்த குடிசை கண்ணில் வந்தது. அதன் பிறகு ஐம்பத்தேழு பேரைத் திருப்பி அனுப்பினார்கள், 25 பேர் மேல் வழக்கு. அந்த ராத்திரி அறையில் படுத்துத் தூங்கியவனைக்கூட அப்புறம் ரோட்டில் ஒரு மாதிரிப் பார்த்தார்கள் என்று உன் சித்தப்பா சொல்வார்.

அதற்கு முன்னாலும் அப்படித்தான். 2008-இல் சிராங்கூன் கார்டனில் டாம் வரக்கூடாது என்று அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். கடைசியில் டாம் வந்தது, நம் ஆட்கள் அவர்கள் தெரு வழியாகப் போகாதபடி தனி ரோடும் வந்தது. ஆனால் எல்லோரையும் ஒரே தராசில் வைக்காதே. 2025 ஜூலையில் தஞ்சோங் காத்தோங்கில் ரோடு உள்வாங்கி ஒரு அம்மா காரோடு குழிக்குள் போனபோது, பக்கத்து சைட்டில் இருந்த நம் ஆட்கள் கயிற்றைப் போட்டுத் தூக்கினார்கள். அந்த ஊர் ஜனங்கள் பணம் சேர்த்துக் கொடுத்தார்கள். ஜனாதிபதி தர்மன் அவர்களைத் தன் மாளிகையான இஸ்தானாவுக்குக் கூப்பிட்டார். பேப்பரை நான் டீக்கடையில் சத்தமாகப் படித்தேன். ஆனால் எனக்கு ஒரு வருத்தம் இருக்கிறது தம்பி. கயிறு போட்டால் 'வெளிநாட்டு ஊழியர்கள்' என்று ஒரு கூட்டமாக நல்லவர்களாகிறோம். ஒருவன் லாரியை இடித்துவிட்டால் அதே கூட்டமாகக் கெட்டவர்களாகிறோம். ரோட்டில் மழை பெய்ததா, அவன் எத்தனை மணிக்கு எழுந்தான், பிரேக் எப்படி இருந்தது, பெரியவர் எந்த விளக்கில் கடந்தார், இதெல்லாம்தான் விபத்து. ஊர் பெயரில் என்ன இருக்கிறது? அந்த நீல லாரிக்காரப் பையன் யாராக இருந்தாலும், அவனுக்கு இதைச் சொல்ல அவன் அப்பா பக்கத்தில் இல்லை.

அவன் உன் கூட்டாளியாக இருந்தால் இதைச் சொல்லு. தப்பு அவனுடையது என்றால் ஒப்புக்கொள்ளட்டும், அந்தப் பெரியவரின் வீட்டாரிடம் மனசார மன்னிப்புக் கேட்கட்டும். தப்பில்லை என்றால் பயத்தில் தன் மேல் போட்டுக்கொள்ள வேண்டாம். போலீஸ் எழுதியதைப் புரியாமல் கையெழுத்துப் போடக் கூடாது. அந்த நாட்டில் தமிழ் ஆட்சிமொழி, மொழிபெயர்க்க ஆள் கேட்டால் தருவார்கள். எத்தனை மணிக்கு எழுந்தான், அன்றைக்கு என்ன வேலை செய்தான், அரை மணி ஓய்வு கிடைத்ததா என்பதை மறப்பதற்குள் ஒரு நோட்டில் எழுதி வைக்கட்டும். கம்பெனியில் யாராவது இப்படிச் சொல், அப்படிச் சொல் என்று சொல்லிக்கொடுத்தால் அதையும் எழுதட்டும். வேலை பெர்மிட்டை எடுத்துக்கொண்டு, கேஸ் முடியும்வரை தங்கியிருக்கத் தருகிற ஸ்பெஷல் பாஸில் உட்கார வைத்திருந்தால், சாப்பாட்டுக்கு வெட்கப்பட வேண்டாம். கீழத்தெரு ராமுவுக்குக் கை உடைந்து கேஸ் நடந்தபோது, டி.டபிள்யூ.சி.2 என்ற அமைப்பு லிட்டில் இந்தியாவில்தான் அவனுக்குச் சாப்பாடு போட்டது, அவர்களே வழியும் சொன்னார்கள். ராமு நம்பரை இந்தத் தாளின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன்.

உன் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. காய்ச்சல் வந்தாலே சொல்கிற பிள்ளை நீ. எங்களுக்குத் தாங்காது என்று நீயே முடிவு பண்ணிக்கொண்டாய் போல. உன் அம்மா என் 304-ஏ கேஸைத் தாலியோடு சேர்த்துச் சுமந்தவள். நானும் சின்னப் பிள்ளை இல்லை. யாரும் உன்னை ஒரு வார்த்தை சொல்ல மாட்டோம். அவர்கள் ஊருக்குப் போ என்றாலும் வா, இரு என்றாலும் இரு. தூக்கம் வந்தால் மட்டும் வண்டியை எடுக்காதே. இப்போது எடுக்கிற நிலைமையில் இருக்கிறாயா என்று எனக்குத் தெரியாது, இருந்தாலும் சொல்லி வைக்கிறேன்.

இந்த மாதம் பணம் அனுப்ப வேண்டாம். சீட்டு எடுத்துவிட்டேன், பாப்பா பள்ளிக்கூடத்துக்கும் கட்டியாயிற்று. கவர் கைக்கு வந்ததும் என் நம்பருக்குக் கூப்பிடு, அம்மா நம்பருக்கு வேண்டாம். இங்கே காலை நாலு மணிக்குக் கூப்பிட்டால் நான் மட்டும்தான் விழித்திருப்பேன். உன் பெர்மிட், லைசென்ஸ், போலீஸ் ஏதாவது காகிதம் கொடுத்திருந்தால் அதையும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு. ஊறுகாய் பாட்டில் மூடி சரியில்லை, நிமிர்த்தி வை.

இப்படிக்கு,
அப்பா