வேடியப்பன் கல்லைப் படித்துச் சொன்னவர்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தமிழகத் தொல்லியல் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரை. ஆனால் தொல்லியல் அறிஞர் இரா. நாகசாமி பெயர் ஒரே ஒரு வரியில், திருடுபோன நடராசர் சிலையை மீட்க லண்டனில் நடந்த வழக்கில் சாட்சி சொன்னவர் என்ற அளவில் முடிந்துவிட்டது. எங்கள் பக்கத்துக்கு அவர் செய்தது அதைவிடப் பெரிது.

ஊத்தங்கரைப் பக்கம் ஏரிக்கரையிலும் கொல்லைமேட்டிலும் வேடியப்பன் இருப்பார். சண்டையில் இறந்த வீரனுக்கு நட்ட பழைய நடுகல்லைத்தான் நாங்கள் அப்படிக் கும்பிடுகிறோம். கையில் வில்லும் கத்தியுமாக ஒரு வீரன், மேலே மூன்று நான்கு வரி வட்டெழுத்து, அதாவது தமிழை எழுதிய பழைய எழுத்து. என் பாட்டி எண்ணெய் தேய்த்து மஞ்சள் வைக்கும்போது அந்த வரிகளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். என்ன எழுதியிருக்கிறது என்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது.

1959இல் சென்னை அருங்காட்சியகத்தில் காப்பாட்சியராகச் சேர்ந்தவர் நாகசாமி. 1966 முதல் 1988 வரை தமிழ்நாடு அரசு தொல்லியல் துறையின் இயக்குநர். அவர் காலத்தில்தான் இந்தக் கற்களை ஊர் ஊராகத் தேடிப் படியெடுத்தார்கள். 1972இல் ‘செங்கம் நடுகற்கள்’, 1975இல் ‘தருமபுரி கல்வெட்டுகள்’ என்று அவர் பதிப்பில் நூல்களாக வந்தன. அப்போது நாங்களும் தருமபுரி மாவட்டம்தான்.

நான் தமிழாசிரியராக இருந்தவன். மாடு கவர்வது வெட்சி, மீட்பது கரந்தை, நடுகல்லுக்குக் கல் தேர்ந்து நடும் சடங்குகள் காட்சி, கால்கோள், நீர்ப்படை என்று வருடா வருடம் பாடம் நடத்தினேன், தேர்வுக்குத்தான். செங்கம் நூலைப் புரட்டிய அன்றுதான் அதெல்லாம் எங்கள் கொல்லையில் நடந்த கதை என்று உறைத்தது. ‘தொறு’ என்றால் மாட்டு மந்தை. இன்ன அரசனுக்கு இத்தனையாவது ஆண்டில், தொறு மீட்கப் போய்ப் ‘பட்டான் கல்’, அதாவது இறந்தவனுடைய கல். எடுத்தனூர்க் கல்லில் செத்துப்போன வீரன் பக்கத்தில் ஒரு நாய் நிற்கிறது. கள்ளனைக் கடித்துக் காவல் காத்ததாம். கோவிவன் என்று அதன் பெயரையும் வெட்டி வைத்திருக்கிறார்கள். பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்து நாய்! படித்துவிட்டு வெகுநேரம் புத்தகத்தை மூடவே மனம் வரவில்லை.

அசோகர் கல்வெட்டில் வரும் சதியபுதோ என்ற அரச மரபு நம் தகடூர் அதியமான் மரபுதான் என்று காட்டிய ஜம்பைக் கல்வெட்டு வெளிவந்ததும் அவர் இயக்குநராக இருந்தபோது, 1981இல். பிற்காலத்தில் அவர் சொன்ன சில கருத்துகளில் எனக்கு உடன்பாடு இல்லை. அதற்காக இந்த உழைப்பை மறக்க முடியுமா? 2022 ஜனவரியில் அவர் மறைந்தபோது எங்கள் ஊரில் பேச்சே இல்லை.

எங்கள் கொல்லைமேட்டு வேடியப்பனுக்குப் போன திருவிழாவில் பக்தியோடுதான் எனாமல் பெயின்ட் அடித்தார்கள். எழுத்து முழுக்க மறைந்துவிட்டது. கல்லுக்குப் பக்கத்தில் அந்த வரிகளையும் பொருளையும் ஒரு பலகையில் எழுதி வைத்திருந்தால் யாரும் அப்படிச் செய்திருக்க மாட்டார்கள். தொல்லியல் துறை இதைச் செய்ய வேண்டும். அப்புறம், அந்த இரண்டு நூல்களையும் மறுபதிப்பாக தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டப் பள்ளிகளுக்கும் கொடுக்க வேண்டும். என்னிடம் இருப்பது ஜெராக்ஸ் பிரதி. அதிலும் கடைசிப் பக்கங்கள் மங்கிவிட்டன.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
ஊத்தங்கரை, கிருஷ்ணகிரி மாவட்டம்.