மலிவு விலைக் கப்பல் நிறுவனங்களுக்கு: குறைத்ததை டிக்கெட் விற்கும்போதே சொல்லுங்கள்

மும்பைத் துறைமுகத்திலிருந்து மலிவு விலையில் உல்லாசக் கப்பல் பயணம் விற்கும் நிறுவனங்களின் நிர்வாகிகளுக்கு,

வணக்கம். செம்பூரிலிருந்து எழுதுகிறேன். எங்கள் குடியிருப்பிலும், மாட்டுங்கா, முலுண்ட் பக்கம் உள்ள உறவினர் வட்டத்திலும் யாருக்காவது கப்பலில் போக ஆசை வந்தால் முதலில் தொலைபேசியில் கூப்பிடுவது என்னைத்தான். குழுவாகப் பதிவு செய்வது, அடையாள அட்டை நகல்களைச் சேகரிப்பது, யாருக்கு வெங்காயம் பூண்டு ஆகாது என்று குறித்துக் கொடுப்பது எல்லாம் என் தலையில் விழுந்த வேலை. ஆகவே நீங்கள் கப்பலில் எதைக் குறைத்தாலும், அந்தப் புகார் உங்கள் சேவை மையத்துக்குப் போகும் முன்பே என் வீட்டு வாசலுக்கு வந்துவிடுகிறது.

சில பருவங்களாக எல்லோரும் கேட்பது ஒன்றுதான். "விலை குறைவுதான், ஆனால் முன்பு இருந்தது எதுவும் இப்போது இல்லையாமே, போகலாமா?" இரண்டு இரவுக் கோவா பயணம் என்றால் தயங்காமல் போகலாம் என்றும், ஐந்து இரவு என்றால் கொஞ்சம் யோசியுங்கள் என்றும் சொல்லிவருகிறேன். இந்தப் பதிலை அவர்களிடம் சொன்னால் மட்டும் போதாது, உங்களிடமும் சொல்ல வேண்டும் என்று தோன்றியதால்தான் இந்த மடல்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் குறைத்தவற்றில் பாதி எங்களுக்குத் தேவைப்படாதவை. கேபினை ஒரு நாளைக்கு இரண்டு முறை ஒழுங்குபடுத்துவது பல காலமாகக் கப்பல்களின் வழக்கம். நார்வீஜியன், ராயல் கரீபியன் போன்ற பெரிய நிறுவனங்களே 2023இல் பெரும்பாலான கேபின்களுக்கு அதை ஒரு முறையாகக் குறைத்துவிட்டன. போகட்டும். சொந்த வீட்டில் யாரும் மாலையில் வந்து போர்வையை மடித்துவைத்துவிட்டுப் போவதில்லை. துண்டை முறுக்கி யானையும் அன்னமும் செய்து கட்டிலில் வைப்பதும், தலையணை மேல் சாக்லேட் வைப்பதும் நின்றால் குழந்தைகளுக்குத்தான் வருத்தம். இரவு உணவின்போது மேடையில் பாடிக்கொண்டிருந்த குழுவை நிறுத்திவிட்டுப் பதிவு செய்த இசையைப் போட்டிருக்கிறீர்கள். அந்தக் குழு பாடியதைக் கேட்டவர்கள் யாரும் இதற்காக உங்களைக் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். இப்படிக் குறைத்ததால்தான் சயானில் தையல் கடை வைத்திருப்பவரும் டோம்பிவிலியிலிருந்து தினமும் லோக்கல் பிடித்து வேலைக்குப் போகிறவரும் குடும்பத்தோடு கடலில் போக முடிகிறது என்றால், அது நல்ல காரியம்.

என் சண்டை மீதிப் பாதியைப் பற்றியது.

சென்ற பருவத்தில் எங்கள் குழுவில் எண்பது வயதைக் கடந்த ஒரு மாமி வந்திருந்தார். இரவு மாத்திரை போட அவருக்கு வெந்நீர் வேண்டும். கேபினில் கெட்டில் கிடையாது. தீ ஆபத்து கருதி வைப்பதில்லை என்பது எனக்குத் தெரியும், அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் முன்பெல்லாம் ஒவ்வொரு தளத்திலும் ஊழியர்களின் சிறு அறையில் இரவு நேரத்துக்கு ஒருவர் இருப்பார். கதவைத் தட்டினால் ஒரு குவளை வெந்நீர் கிடைக்கும். இந்த முறை அந்த அறை பூட்டியிருந்தது. மேல் தளத்து பஃபேக்குப் போனால் பதினோரு மணிக்கே மூடிவிட்டார்கள். கேபின் தொலைபேசியில் கூப்பிட்டால், தனியாக வெந்நீர் தரும் வழக்கம் இல்லை, தேநீர் கேட்டால் கொண்டுவரலாம், அதற்குத் தேநீரின் விலையும் அறைக்குக் கொண்டுவரும் கட்டணமும் உண்டு என்று மிகவும் மரியாதையாகச் சொன்னார்கள். மாமி தேநீர் குடிப்பதில்லை. வந்த தேநீர்ப் பையைத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு வெந்நீரை மட்டும் குடித்தார். கணக்கில் ஒரு தேநீர் ஏறியது.

மறுநாள் காலையில் இதைக் கேள்விப்பட்டவர் எங்கள் வரிசைக் கேபின்களைப் பார்த்துக்கொண்ட இளைஞர். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். தலையணை உறையின் ஒரு முனையை மோவாய்க்கு அடியில் இடுக்கிக்கொண்டு, இரு கையாலும் தலையணையை உள்ளே தள்ளியபடியே பேசினார். சட்டைக் கை குளியலறை கழுவிய ஈரத்தில் முழங்கை வரை ஊறியிருந்தது. அன்று மாலையிலிருந்து இறங்கும் நாள் வரை, ஊழியர் உணவுக்கூடத்திலிருந்து தன் சொந்த ஃப்ளாஸ்கில் வெந்நீர் பிடித்துவந்து மாமியின் கேபினில் வைத்துவிட்டுப் போனார். "மேலே யாரிடமும் சொல்லிவிடாதீர்கள் சார்" என்று மட்டும் கேட்டுக்கொண்டார். முன்பு இரண்டு பேர் பார்த்த வரிசையை இப்போது அவர் ஒருவரே பார்க்கிறாராம். அவர் வேலை செய்த கப்பலின் பெயரை இங்கே எழுதாததற்கு அவர்தான் காரணம்.

நீங்கள் சேவையைக் குறைத்ததாகச் சொல்கிறீர்கள். வேலை குறையவில்லையே. கேபின்களின் எண்ணிக்கை அப்படியே இருக்கிறது, கைகள்தான் குறைந்திருக்கின்றன. 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை 2013இல் நடைமுறைக்கு வந்தது, இந்தியாவும் 2015இல் அதை ஏற்றது. எந்த 24 மணி நேரத்திலும் குறைந்தது 10 மணி நேர ஓய்வு, வாரத்துக்குக் குறைந்தது 77 மணி நேர ஓய்வு என்பது அதில் உள்ள விதி. கப்பலில் எந்த நாட்டுக் கொடி பறந்தாலும், அந்தப் பையனின் ஓய்வு நேரப் பதிவேட்டில் எழுதியிருப்பதும் அவன் உண்மையில் தூங்கியதும் ஒன்றுதானா என்று பார்க்க வேண்டியது உங்கள் பொறுப்பு. ஒரு பயணி கேட்கத் தகுந்த கேள்வி இல்லை இது என்று நினைக்காதீர்கள். நான் விலை குறைவு என்று மகிழ்ந்து வாங்கும் டிக்கெட்டில், அந்தக் குறைவு எங்கிருந்து வந்தது என்று கேட்க எனக்கு உரிமை உண்டு.

மலிவு விமானங்களில் தண்ணீருக்கும் காசு வாங்குகிறார்களே, அதைப் பொறுத்துக்கொள்கிறவர்கள் எங்களிடம் மட்டும் ஏன் சண்டைக்கு வருகிறீர்கள் என்று உங்கள் அலுவலர் ஒருவர் என்னிடம் கேட்டார். விமானம் இரண்டு மணி நேரத்தில் இறங்கிவிடும். சென்னைக்கு ரயிலில் போகும்போது பெட்டியில் கிடைக்கும் சாப்பாடு பிடிக்காவிட்டால், சோலாப்பூரில் இறங்கி நடைமேடையில் எதையாவது வாங்கிக்கொள்ளலாம். கடலில் நடைமேடை இல்லை. மும்பைத் துறைமுகத்தின் பல்லார்டு பியரை விட்டுக் கப்பல் நகர்ந்த நிமிடத்திலிருந்து தண்ணீர், காபி, மருத்துவர், இணையம் எல்லாவற்றுக்கும் ஒரே கடைக்காரர் நீங்கள்தான். கரையில் பத்துப் பேரோடு போட்டியிட்டு விலையைக் குறைக்கிறீர்கள், கடலில் போட்டியே இல்லாத இடத்தில் அதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறீர்கள். ஒரு டிக்கெட்டின் விலை நியாயமா என்பதை விளம்பரத்தில் உள்ள எண்ணை வைத்து யாராலும் சொல்ல முடியாமல் போவதற்கு இதுதான் காரணம். இரவுகள் கூடக்கூட இந்த இரண்டாவது விலையும் கூடுகிறது. ஐந்து இரவு என்றால் யோசியுங்கள் என்று நான் சொல்வதும் இதனால்தான்.

உங்கள் தொழிலின் கணக்கு எனக்குக் கொஞ்சம் புரியும். கார்னிவல் போன்ற உலகப் பெரு நிறுவனத்தின் ஆண்டறிக்கையிலேயே வருவாயில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு டிக்கெட்டுக்கு அப்பால், கப்பலுக்குள் நடக்கும் செலவிலிருந்து வருகிறது. மது, சூதாட்டக்கூடம், மசாஜ், கரைச்சுற்றுலா எல்லாம் அதில் அடக்கம். 2022 ஜூனில் சென்னையிலிருந்து புறப்பட்ட உல்லாசக் கப்பலைப் புதுச்சேரியில் அனுமதிக்காமல் அரசு நிறுத்திவைத்தபோது எழுந்த சர்ச்சையும் சூதாட்டக்கூடத்தைப் பற்றியதுதான். எங்கள் குழுவோ உங்களுக்கு ஒரு காசுக்கும் பயனில்லாத கூட்டம். குடிப்பதில்லை, சீட்டாட மாட்டோம், மசாஜுக்கு வெட்கம், கரையில் இறங்கினால் ஆட்டோ பிடித்துக் கோவிலுக்குப் போய்விடுவோம். எங்கள் டிக்கெட்டின் ஒரு பகுதியைப் பக்கத்து மேசையில் குடிப்பவர்தான் கட்டுகிறார் என்பதை நான் மறுக்கவில்லை. அதற்காக எங்களிடமிருந்து ஈடுகட்ட வெந்நீரிலும் காபியிலும் கைவைப்பீர்களா? தலைக்கு இரண்டாயிரம் ரூபாய் கூட்டி விலையை வெளிப்படையாகப் போடுங்கள். முணுமுணுத்துக்கொண்டே கட்டிவிடுவோம். நாங்கள் பேரம் பேசுகிறவர்கள்தான், ஆனால் பேசி முடித்த விலையை மாற்றுகிறவர்கள் இல்லை.

காபியைப் பற்றி ஒரு வரி. பஃபேயில் இலவசமாக வைத்திருக்கும் இயந்திரத்திலிருந்து வருவதைக் காபி என்று எழுதிவைத்திருப்பதையாவது மாற்றுங்கள்.

இப்போது கடைசி இரவு கதவுக்கு அடியில் நுழையும் அந்தக் காகிதத்துக்கு வருகிறேன். விளம்பரத்தில் ஓர் எண் இருக்கிறது. பதிவு செய்யும்போது துறைமுகக் கட்டணம், ஜிஎஸ்டி, ஜன்னல் உள்ள கேபினுக்குக் கூடுதல் என்று சேர்ந்துகொண்டே போய்க் கடைசித் திரையில் வேறு ஓர் எண் வருகிறது. கப்பலை விட்டு இறங்கும் முன் வரும் கணக்கில் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு இரவுக்கும் சேவைக் கட்டணம் என்று ஒரு வரி. கேட்டவர் இல்லை, கொடுப்பதாகச் சொன்னவரும் இல்லை, தானாக ஏறியிருந்தது. எல்லாம் கூட்டிப் பார்த்தபோது விளம்பர விலையைப் போல் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. சேவையைக் குறைத்துவிட்டு, சேவைக் கட்டணத்தை மட்டும் முழுதாக வாங்குவதற்குத் தனித் துணிச்சல் வேண்டும். அந்தத் தொகை தூத்துக்குடிப் பையனுக்குப் போகிறதா என்று கவுன்ட்டரில் கேட்டேன். "அது பொது நிதிக்குப் போகும்" என்றார்கள். அதற்கு மேல் விளக்கம் கிடைக்கவில்லை.

கரையில் இதற்கு இடமில்லை. உணவகங்களும் ஹோட்டல்களும் சேவைக் கட்டணத்தைத் தானாகக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டு நெறி வெளியிட்டது. 2025 மார்ச்சில் தில்லி உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2023 நவம்பரில் அதே ஆணையம் இணைய விற்பனையில் நுகர்வோரை ஏமாற்றும் 13 உத்திகளைப் பட்டியலிட்டுத் தடை செய்தது. முதலில் குறைந்த விலையைக் காட்டிவிட்டுப் போகப் போகச் சொட்டுச் சொட்டாகக் கூட்டுவதும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. கப்பல் வேறு, ஹோட்டல் வேறு, எங்கள் கப்பலின் கொடி வேறு நாட்டுடையது என்று உங்கள் வழக்கறிஞர்கள் வாதாடலாம். ஆனால் டிக்கெட்டை விற்பது மும்பையில், பணம் வாங்குவது ரூபாயில். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 2024 ஜூலை முதல் எல்லாக் கட்டாயக் கட்டணங்களையும் சேர்த்த விலையைத்தான் விளம்பரத்தில் போட வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தவுடன், அங்குள்ள பெரிய கப்பல் நிறுவனங்கள் நாடு முழுவதுமே துறைமுகக் கட்டணம் போன்றவற்றையும் சேர்த்து விலை காட்டத் தொடங்கின. ஆக, முடியாத காரியம் இல்லை.

இந்தத் தொழில் இங்கே எவ்வளவு நலிந்தது என்பதும் தெரியும். 2019இல் பெரிய எதிர்பார்ப்போடு தொடங்கிய ஜலேஷ் கப்பல் நிறுவனம் கொரோனாவில் மூடியது, அதன் கர்ணிகா கப்பல் 2020இலேயே குஜராத்தின் ஆலங்கில் உடைப்புக்குப் போனது. 2024 செப்டம்பரில் இதே மும்பையில் தொடங்கிய மத்திய அரசின் குரூஸ் பாரத் திட்டம், 2029க்குள் கடல் பயணிகளின் எண்ணிக்கையைப் பத்து லட்சமாக்கப் போவதாகச் சொல்கிறது. 2025இல் பல்லார்டு பியரில் புதிய முனையமும் திறந்தாகிவிட்டது. பத்து லட்சம் பேரில் பெரும்பாலோர் என் போன்ற மலிவு டிக்கெட்காரர்களாகத்தான் இருப்போம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இதில் பேரத்துக்கே இடமில்லை. 2012 ஜனவரியில் இத்தாலிக் கரையோரம் கோஸ்டா கான்கோர்டியா கவிழ்ந்து 32 பேர் இறந்த பிறகு, புதிதாக ஏறும் பயணிகளுக்குக் கப்பல் புறப்படும் முன்போ புறப்பட்ட உடனேயோ பாதுகாப்புப் பயிற்சி தர வேண்டும் என்று சர்வதேச விதி திருத்தப்பட்டு 2015இல் நடைமுறைக்கு வந்தது. முன்பு எல்லோரையும் கூட்டி நிறுத்தி, ஒருவர் உயிர்காப்பு அங்கியை மாட்டிக் காட்டுவார். எங்கள் பயணத்தில் கைபேசியிலேயே ஒரு காணொளியைப் பார்த்துவிட்டு, கூடும் இடத்துக்குப் போய் அட்டையைத் தட்டினால் முடிந்தது. இந்த முறை இப்போது பல நிறுவனங்களிலும் வந்துவிட்டது, இளைஞர்களுக்கு வசதியானதும்கூட. ஆனால் அந்தக் காணொளி ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும் இருந்தது. எங்கள் மாமி கைபேசியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு அதை முழுதாகப் பார்த்தார். அங்கியின் வாரை எங்கே இழுத்துக் கட்டுவது என்று கேட்டால் அவருக்குத் தெரியாது. தமிழ், மராத்தி, குஜராத்தி பேசும் ஊழியர்கள் உங்கள் கப்பலிலேயே இருக்கிறார்கள். கூடும் இடம் ஒவ்வொன்றிலும் ஒருவரை நிறுத்தி, வயதானவர்களுக்கு அங்கியை மாட்டிக் காட்டச் சொல்வதற்கு எவ்வளவு செலவாகிவிடும்? மேடைக் குழுவை நிறுத்தி மிச்சம் பிடித்ததில் ஒரு துளி போதும்.

மழை ஓய்ந்து பருவம் தொடங்கியதும் எங்கள் குழுவிலிருந்து இன்னும் சிலர் லட்சத்தீவுக்குப் போக வேண்டும் என்று பெயர் கொடுத்திருக்கிறார்கள். இந்த முறை முன்பணம் கட்டுவதற்கு முன் உங்கள் விற்பனைப் பிரிவிடம் ஒரே ஒரு பக்கக் காகிதம் கேட்கப் போகிறேன். ஒருவர் கப்பலில் ஏறி, சாப்பிட்டு, தூங்கி, எதையும் கூடுதலாக வாங்காமல் இறங்கினால் மொத்தம் எத்தனை ரூபாய் என்பதும், சென்ற பருவத்தில் இருந்து இந்தப் பருவத்தில் இல்லாமல் போனவை எவை என்பதும், இரவில் வெந்நீர் எந்தத் தளத்தில் கிடைக்கும் என்பதும் அதில் இருக்க வேண்டும். கையெழுத்தோடு அதை முதலில் தரும் நிறுவனத்துக்கு, விலை ஆயிரம் ரூபாய் கூடுதலாக இருந்தாலும், எங்கள் பதிவு போகும்.

இப்படிக்கு,
செம்பூரிலிருந்து உங்கள் பயணி ஒருவர்