தெருவுக்கு அடியில் ஒரு கோயில்

லண்டன்

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். இங்கே குளிர் தொடங்கிவிட்டது; நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது. ஆபீஸ் பக்கம் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். தெருமட்டத்துக்கு 7 மீட்டர் கீழே, ஒரு பெரிய கட்டடத்தின் அடியில், ரோமானியர் காலத்தில் வணங்கிய மித்ராஸ் என்ற தெய்வத்தின் கோயில் இருக்கிறது. கட்டணம் இல்லை.

கி.பி. 240 வாக்கில் கட்டியது. நீங்கள் திருப்பணி பார்த்தவர், அதனால் அளவு சொல்கிறேன்: நீளம் சுமார் 18 மீட்டர், அகலம் 8. பக்கத்துக்கு ஏழு தூண். நடுத்தளம் தாழ்வு, இருபுறமும் மேடை. அந்த மேடையில் சாய்ந்தபடி கூடி உண்பதுதான் வழிபாட்டில் முக்கியம். மேற்குக் கோடி மாடத்தில் காளையைக் குத்தும் மித்ராஸ் இருந்திருப்பார். காயத்துக்குத் தாவும் நாய், பாம்பு, காளையின் விதையைக் கவ்வும் தேள், தீவட்டியை உயர்த்தி ஒருவன், தாழ்த்தி ஒருவன். ரோமப் பேரரசு முழுக்க இதே அமைப்புதான். உள்ளே காளை வெட்டினார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இந்தக் கோயில்களில் அதிகம் கிடைப்பது கோழி எலும்பு!

அடியார்கள் ஆண்கள் மட்டும். படைவீரர், வணிகர், சுங்கக் கணக்கர், விடுதலை பெற்ற அடிமைகள். காகம் முதல் தந்தை வரை ஏழு படிநிலை. நான்காவதான சிங்கப் படிக்கு வருபவருக்குத் தீட்சையில் கையில் தண்ணீருக்குப் பதில் தேன் ஊற்றுவார்கள். சிங்கம் நெருப்பின் இனம், நீர் அதற்குப் பகையாம். இங்கே கிடைத்த, காளையைக் குத்தும் சிற்பம் ஒன்றை நேர்ந்து வைத்தவர் உல்பியஸ் சில்வானஸ், இரண்டாம் அகஸ்டா என்ற ரோமானியப் படையில் ஓய்வு பெற்றவர்.

வடக்கே, ரோமானியர் எழுப்பிய ஹேட்ரியன் சுவரோரம், கேரோபர்க் என்ற இடத்தில் இன்னும் சிறிய கோயில் உண்டு. அங்கே கிடைத்த பலிபீடம் ஒன்றில் சூரியனின் கதிர்களைத் துளையாகவே குடைந்திருக்கிறார்கள். பின்னால் விளக்கு வைத்தால் இருட்டறையில் கதிர் மட்டும் எரியும். கெட்டிக்காரக் கல்தச்சன்!

லண்டன் கோயிலுக்கு எமன் ஈரம். வால்புரூக் ஓடைக் கரை என்பதால் தரை தாழ்ந்தது, மீண்டும் மீண்டும் மேடாக்கினார்கள். 1954இல் கண்டெடுத்தபின் 1962இல் வேறிடத்தில், வெட்டவெளியில், சிமென்ட் வைத்து அடுக்கினார்கள். கண்றாவி. 2017இல்தான் பழைய இடத்தருகே சுண்ணாம்புக் காரையோடு சரியாக எழுப்பினார்கள். நீங்கள் வரும்போது முன்பதிவு செய்துவிடுகிறேன்.

அத்தைக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
உங்கள் மருமகன்